டாக்டர் அம்மாவும் வியாழக்கிழமை வகுப்பும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளிக்கு விடை கொடுத்தோம். தந்தையார் பணியில் இருக்கும்போதே மறைந்தமையால் இரயில்வேயில் கிடைத்த எழுத்தர் நாற்காலியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அமர்ந்திருக்கின்றோம். மருத்துவர்களின் படிப்பைப் பற்றிப் பேச எமக்கு என்ன தகுதி என்று பின் வரிசையில் நண்பர் ஒருவர் புன்னகை பூப்பது இங்கிருந்தே தெரிகிறது. நோயாளி என்னும் தகுதி ஒன்று உண்டு. இன்னொன்றும் உண்டு, அது பெருமைக்குரியதன்று. நம் டாக்டர் அம்மாவின் மீது குறை கூறிச் செயலாளரிடம் மனுக் கொடுத்த நால்வருள் யாமும் ஒருவர். அந்த மனுவைத் திரும்பப் பெறுவதற்காகவே இன்று பேச வந்துள்ளோம்.

டாக்டர் அம்மாவை அறியாதார் நம் குடியிருப்பில் இல்லை. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். நம் பாட்டிமார்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். வயிறு பொருமுகிறதா, இரைகிறதா, பிசைகிறதா என்று வேறுபாடு கேட்கும் அளவிற்குக் கற்றுவிட்டார். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் கதவு இரவு ஒன்பதுக்குத்தான் மூடும். நடுவே உண்ணும் நேரம் போக ஓய்வில்லை. அதிலும் பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் மிகுதி. காலை ஆறு மணி ஷிப்டு முடிந்து நம் தொழிலாளர்கள் நேரே அங்குதான் வருவர். அப்படிப்பட்ட நேரத்தில், வியாழக்கிழமைதோறும் இரண்டு முதல் நான்கு வரை நோயாளிகளைப் பார்ப்பதில்லை என்று அட்டை ஒன்று தொங்கத் தொடங்கியது. கதவு சாத்தியிருக்கும், உள்ளே விளக்கெரியும். சன்னல் வழியே எட்டிப் பார்த்த அன்பர் ஒருவர், அம்மையார் கணிப்பொறியின் முன் அமர்ந்து படம் பார்க்கிறார் என்று செய்தி கொணர்ந்தார். மனு எழுதப்பட்டது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எழுதும் பொறுப்பை எம்மிடமே கொடுத்தனர்.

அப்பொழுது கார்த்திகை மாதம். எம் நண்பர் ஒருவர், இருப்புப்பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணி புரிபவர், சபரிமலைக்கு மாலை அணிந்தார். அவர் ஒப்புதலோடுதான் இதைக் கூறுகிறோம். பதினைந்து ஆண்டுகளாக நாள் தவறாது மது அருந்தி வந்தவர். மாலை போட்ட அன்றே அதை அடியோடு நிறுத்தினார். வீட்டார்க்குக் கொள்ளை மகிழ்ச்சி. மறுநாள் கை நடுங்கிற்று. விரதத்தால் வந்த சோர்வு என்றனர். அன்றிரவு வேறொரு மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் செல்ல, அங்கே பலவீனம் என்று சொல்லிக் குளுகோஸ் ஒரு புட்டி ஏற்றி அனுப்பினர். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வேர்த்து, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தினார். இல்லாத மேஸ்திரியோடு பேசினார். மனைவியை அடையாளம் தெரியவில்லை. விரதத்தில் ஏதோ குற்றம் நேர்ந்துவிட்டது, ஐயப்பன் சோதிக்கிறான் என்று மாமியார் அழுதார். குருசாமியை அழைத்து வர ஆள் போயிற்று.

அன்று வியாழக்கிழமை. மணி நான்கைத் தாண்டியிருந்தது. டாக்டர் அம்மா கைப்பையோடு ஓடி வந்தார். அவர் கேட்ட முதற் கேள்வி இன்றும் எம் காதில் ஒலிக்கிறது: "கடைசியாக எப்போது குடித்தார்?" நாம் யாரும் அதுவரை அப்படிக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. நெடுங்காலம் குடித்தவர் திடுமென நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இப்படிப் பிதற்றலும் நடுக்கமும் காண்பதுண்டு. உரிய மருத்துவம் கிட்டாவிடில் உயிருக்கே இடர் நேரும் என்று அம்மையார் விளக்கினார். தயமின் என்னும் பி-1 வைட்டமினை ஊசி வழியே செலுத்தினார். அவ்வைட்டமின் குறைந்த உடம்பில் அதைக் கொடாமல் குளுகோஸ் மட்டும் ஏற்றுவது மூளைக்குக் கேடு செய்யக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தோம். நரம்பின் கொந்தளிப்பைத் தணிக்கும் மருந்தும் கொடுத்து, 108 வண்டியை அழைத்து, ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்சுக்குத் தம் கையெழுத்திட்ட சீட்டோடு அனுப்பினார். இரு வாரத்தில் நண்பர் மீண்டார். மலைக்குப் போக அவ்வாண்டு இயலவில்லை. அடுத்த ஆண்டு சென்று வந்தார். நம் அனைவர்க்கும் அரவணைப் பாயசம் கொடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஓர் இடைக்குறிப்பு: இந்தக் குடியிருப்பில் மாலை போடும் எண்ணத்தோடு குடியை நிறுத்த நினைப்போர் இன்னும் சிலர் உள்ளனர். நிறுத்துங்கள், ஆனால் முதலில் மருத்துவரைக் கண்டு, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள்.

பின்னொரு நாள், இதை எப்படி உடனே கண்டுகொண்டீர்கள் என்று அம்மையாரைக் கேட்டோம். "போன மாதத்து வியாழக்கிழமை வகுப்பில், வேறு ஊர் டாக்டர் ஒருவர் இதே மாதிரி நோயாளியைப் பற்றிச் சொன்னார். அவரும் முதல் நாள் காய்ச்சல் மயக்கம் என்றுதான் நினைத்தாராம்" என்றார். எம் சட்டைப் பையில் அப்பொழுது மனுவின் படி இருந்தது. வேறு என் செய்வது? வணக்கம் கூறி வீடு திரும்பினோம்.

அது என்ன வகுப்பு? நிம்ஹான்ஸ் நிறுவனத்தை நாம் அறிவோம். 1974 ஆம் ஆண்டு இந்நகரின் மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் ஒன்றாக்கப்பட்டுப் பிறந்தது அது. அங்குள்ள மனநல வல்லுநர்களும் போதை மீட்பு வல்லுநர்களும் ஒரு பக்கம் அமர்கின்றனர். ஊர் ஊராகச் சிறு மருத்துவ நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பணி புரியும் மருத்துவர்கள் கணிப்பொறி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ ஒரே நேரத்தில் கூடுகின்றனர். பீகார், சத்தீசுகர் ஆகிய மாநிலங்களிலிருந்துகூட இவ்வாறு கூடிக் கற்றிருக்கின்றனர். வல்லுநர் சிறிது நேரம் பாடம் சொல்வார். அதன் பின்புதான் உயிரான பகுதி: ஒரு மருத்துவர் தம் நோயாளி ஒருவரின் நிலையை, பெயரும் ஊரும் சொல்லாமல், எடுத்து வைப்பார். யாம் இதைச் செய்தோம், இது பலித்தது, இது பலிக்கவில்லை, இனி என்ன செய்யலாம் என்பார். மற்றவர் கேள்வி கேட்பர், கருத்துரைப்பர், இறுதியில் வல்லுநர் தம் முடிவைக் கூறுவார்.

நம் இரயில்வேக்காரர்களுக்கு இதை விளக்கப் பெரிய முயற்சி தேவையில்லை. செக்ஷன் கண்ட்ரோல் தொலைபேசியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதையில் உள்ள நிலையங்கள் எல்லாம் ஒரே கம்பியில் இணைந்திருக்கும். எங்கோ ஒரு சிற்றூர் நிலையத்தின் மாஸ்டர் நள்ளிரவில் தமக்கு நேர்ந்த இடரைக் கண்ட்ரோலரிடம் சொல்லும்பொழுது, கருவியைக் காதில் வைத்திருக்கும் மற்ற நிலையத்தாரும் கேட்டுக்கொண்டிருப்பர். நாளை தமக்கு அதே இடர் வந்தால் என்ன செய்வது என்று இன்றே தெரிந்துகொள்வர். தனி மருத்துவ நிலையம் நடத்தும் மருத்துவர்க்கு அத்தகைய கம்பி இந்நாள் வரை இல்லை. கல்லூரியை விட்டு வெளியே வந்தபின் அவர் தனியர். தாம் செய்தது சரியா பிழையா என்று கேட்க அருகில் ஒருவரும் இலர்.

இம்முறையைக் கண்டவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது நமக்கு உவப்பளிக்கும் செய்தி. டாக்டர் சஞ்சீவ் அரோரா, புனேயில் உள்ள இராணுவ மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்றவர். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் கல்லீரல் நோய் மருத்துவராய் இருந்தார். ஹெப்படைட்டிஸ் சி என்னும் நோய்க்கு அங்கே மருத்துவம் அறிந்தோர் மிகச் சிலர். அவரைக் காண நோயாளிகள் எட்டு மாதம் காத்திருந்தனர். பல நூறு கல் தொலைவிலிருந்து வந்தனர். வருவதற்குள் நோய் முற்றியோரும் உண்டு. நோயாளிகளை எல்லாம் தம்மிடம் வரவழைப்பதற்கு மாறாக, தம் அறிவை அவர்தம் ஊர் மருத்துவர்களுக்கு அனுப்பலாகாதா என்று எண்ணினார். 2003 இல் எக்கோ என்னும் பெயரில் தொடங்கினார். அவர் செய்த நற்செயல் இன்னொன்றும் உண்டு: பலன் கண்டதா என்று அளந்து பார்த்தார். 407 நோயாளிகள். ஒரு பகுதியினர் பல்கலைக்கழக மருத்துவமனையில் வல்லுநரிடமே மருத்துவம் பெற்றவர். மற்றோர் ஊர்ப்புற நிலையங்களிலும் சிறைச்சாலைகளிலும் இவ்வகுப்பில் பயின்ற பொது மருத்துவர்களிடம் பெற்றவர். 2011 இல் கணக்கு வெளியாயிற்று. வல்லுநரிடம் குணமானோர் நூற்றுக்கு 57.5, ஊர் மருத்துவரிடம் குணமானோர் நூற்றுக்கு 58.2. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வாழ்நாள் முழுதும் கணக்கோடு பழகிய எமக்கு இந்த இரண்டு எண்களே போதும். பெரிய சொற்பொழிவு வேண்டா. நிம்ஹான்சில் நடைபெறுவது இவ்வழியைப் பின்பற்றியதே.

சத்தீசுகரத்து மருத்துவர்க்கு நிம்ஹான்ஸ் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். நம் டாக்டர் அம்மாவுக்கு எட்டே கிலோமீட்டர். பிறகு ஏன் நேரில் போகலாகாது என்று கேட்பீர்கள். பெங்களூரின் போக்குவரத்தில் எட்டுக் கிலோமீட்டர் போய் மீண்டவர் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

பட்டம் பெற்ற மருத்துவர் மீண்டும் மீண்டும் எதற்குப் படிக்க வேண்டும்? எம் மனுவிலும் இக்கேள்வியை எழுதியிருந்தோம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். கைகாட்டி மரம் பார்த்து வண்டி ஓட்டிய டிரைவரை, வண்ண விளக்குச் சிக்னல் வந்தபின் மறுபயிற்சி இன்றி இன்ஜினில் ஏற்றுவார்களா? குறித்த ஆண்டுகளுக்கு ஒரு முறை பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பிய பின்பே பணி கொடுக்கின்றனர். நாம் அதைக் குறை சொல்வதில்லை. மருத்துவத்திலோ சிக்னல்கள் இன்னும் விரைவாக மாறுகின்றன. குடற்புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் என்றே உலகம் நெடுங்காலம் நம்பிற்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இருவர் 1980 களின் தொடக்கத்தில், ஒரு வகைக் கிருமியே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்றனர். யாரும் நம்பாமையால் மார்ஷல் 1984 இல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! 2005 இல் இருவர்க்கும் நோபல் பரிசு கிட்டியது. அதற்கு முன் படித்துப் பட்டம் பெற்று, பின் படிக்காமலே இருந்துவிட்ட மருத்துவர் என்ன செய்திருப்பார்? நோயாளிக்கு ஆண்டுக் கணக்கில் மோரும் கஞ்சியும் சொல்லி, அமில மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார். கிருமியைக் கொல்லும் இரண்டு வார மருந்தில் தீர வேண்டியது தீராமலே கிடந்திருக்கும்.

காசநோயையும் பாருங்கள். அரசுத் திட்டத்தில் வாரத்திற்கு மூன்று நாள் மருந்து என்றிருந்த முறை 2017 இல் நாள்தோறும் மருந்து என்று நாடெங்கும் மாற்றப்பட்டது. 2020 ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தை நாம் யாரும் மறவோம். மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கிற்று. அன்றே தொலைபேசி வழியாகவும் காணொலி வழியாகவும் மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறைகளை அரசு வெளியிட்டது. அவ்வாண்டு முழுவதும் வாரத்திற்கு வாரம் மருத்துவக் குறிப்பு மாறியது. புத்தகம் அச்சாகி வரும்வரை காத்திருந்தால் யார் பிழைப்பர்? திரை வழியே கூடிக் கற்றதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

சட்டமும் இதைக் கேட்கத்தான் செய்கிறது. அன்றைய இந்திய மருத்துவ மன்றம் 2002 இல் வகுத்த ஒழுக்க விதிகளில், மருத்துவர் ஒவ்வோர் ஐந்தாண்டிலும் 30 மணி நேரமாவது தொடர் கல்வி பெற வேண்டும் என்று உள்ளது. இங்கே கர்நாடக மருத்துவ மன்றத்தில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும். எம் எழுத்தர் புத்தி சும்மா இருக்குமா? கணக்கிட்டுப் பார்த்தோம். ஐந்தாண்டில் 30 மணி என்றால் ஆண்டுக்கு ஆறு மணி. மாதத்திற்கு அரை மணி. நம் டாக்டர் அம்மா வாரத்திற்கு இரண்டு மணி நேரம் அமர்கிறார். விதிக்காக அமர்பவர் அவர் அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் திரையில் வருவதெல்லாம் கல்வியாகிவிடாது என்பதையும் அம்மையாரே எம்மிடம் சொன்னார். பேச்சைத் திறந்து வைத்துவிட்டு ஒலியை அடைத்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே சான்றிதழ் வாங்குவோரும் இருக்கின்றனராம். மருந்துக் கம்பெனியின் செலவில் நடக்கும் சொற்பொழிவும் உண்டு. நோயைப் பற்றித் தொடங்கும் பேச்சு முடியும்பொழுது அக்கம்பெனியின் மாத்திரையில் வந்து நிற்கும். மருந்துக் கம்பெனிகள் மருத்துவர்களுக்குப் பரிசும் பயணமும் அளித்தலைத் தடுக்க 2024 மார்ச்சில் நடுவணரசு நெறிமுறை ஒன்று வெளியிட்டுள்ளது. நம் எண்ணம் இதுவே: ஒருவர் பேச மற்றவர் கேட்கும் வகுப்பில் மருத்துவர் உறங்கலாம், தம் நோயாளியைத் தாமே எடுத்து வைத்துத் தம் பிழையைப் பலர் முன் சொல்லும் வகுப்பில் உறங்க முடியாது. டாக்டர் அம்மா சேர்ந்தது பின்னதில்.

திரையால் ஆகாதவையும் உண்டு. நெஞ்சொலியைக் கேட்டறிவதும், குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் ஆசிரியரின் அருகே நின்று கற்க வேண்டியவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் இதை நன்கு உணர்ந்தவர்கள். பணியிலுள்ள பொது மருத்துவர்களுக்கென்று 2006 இல் குடும்ப மருத்துவப் பட்டயம் ஒன்றைத் தொலைநிலைக் கல்வியாகத் தொடங்கினர். மருத்துவர் தம் ஊரிலேயே இருந்து பணி செய்துகொண்டே பாடநூல்களைப் படிப்பார்; காணொலி வழியே வேலூர் ஆசிரியர்களைக் காண்பார்; குறித்த நாட்களில் நேரில் சென்று நோயாளிகளிடையே கைப்பயிற்சியும் பெறுவார். அனுப்புவதைக் குறைத்துத் தீர்ப்பதைப் பெருக்குதல் என்பது அவர்கள் கொண்ட குறிக்கோள். பிருந்தாவனிலும் லால்பாக்கிலும் காட்பாடியில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் நாம். கையில் எக்ஸ்ரே உறையும், தோளில் போர்வையும், முகத்தில் ஊரை விட்டு வந்த கலக்கமும். அவர்களுள் சிலரது நோய் அவரவர் தெருமுனை மருத்துவராலேயே தீரக்கூடியது. அம்மருத்துவர்க்குக் கற்க வழியும் நேரமும் இருந்திருந்தால் அவ்வளவு டிக்கட் விற்றிருக்காது. இரயில்வேக்கு அந்த இழப்பு நேர்வதில் எமக்கு வருத்தம் இல்லை.

இனி, சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். டாக்டர் அம்மாவின் நிலையம் தகரக் கூரை இட்டது. மழை பெய்தால் ஓசையில் எதுவும் கேளாது. இணையமும் அடிக்கடி அறுந்துபோகும். சென்ற மாதம் அவர் தம் நோயாளி ஒருவரைப் பற்றி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபொழுது நடுவே தொடர்பு போய்விட்டது. வல்லுநர் கூறிய விடையை அவர் கேட்கவே இல்லை. அந்த நோயாளி நம் குடியிருப்பைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார். நம்முள் யார் என்பது நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டா.

நம் சங்கப் படிப்பறையில் நல்ல இணைய இணைப்பு இருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு அங்கே இருப்பவை பழைய வார இதழ்களும் ஒரு மின்விசிறியுமே. தமிழ் வளர்க்கும் அறையை வேறு பணிக்குத் தரலாகாது என்று செயற்குழுவில் இரு பெரியவர்கள் கருதுவதாகக் கேள்விப்பட்டோம். அவர்கள் தமிழ்ப்பற்றை யாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் நம் பாட்டிமாருக்காகத் தமிழ் கற்ற ஒருவர்க்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்துவிட்டால் தமிழ் கோபித்துக்கொள்ளுமா? அந்நேரத்தில் அறையின் உள்ளே அவர் ஒருவரே இருக்க வேண்டும். பேசப்படுவது நோயாளிகளின் நிலை; எனவே சன்னல் வழியே எட்டிப் பார்த்த நம் அன்பர் வாயிலில் காவலிருக்க இசைந்துள்ளார், காதைப் பொத்திக்கொண்டு.

இரண்டு மணி ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வியாழக்கிழமை நான்கு மணிக்கு வாருங்கள். மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, நிற்காத குருதியோ என்றால் காத்திருக்க வேண்டா. கதவைத் தட்டலாம் என்று அம்மையாரே சொல்லியிருக்கிறார். மற்றச் சளிக்கும் முதுகு வலிக்கும் இரண்டு மணி நேரம் பொறுக்கலாம். எம் முதுகு வலி பதினோராண்டாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

மனுவின் மூலத்தைச் செயலாளர் அவர்கள் இதோ திருப்பிக் கொடுத்துவிட்டார். நால்வரும் கையெழுத்திட்ட புதிய விண்ணப்பம் ஒன்றை, அதே கையெழுத்தில் எழுதி, அவர் மேசை மீது வைக்கின்றோம். படிப்பறையின் சாவி நூலகப் பொறுப்பாளரிடம் இருக்கிறது. அடுத்த வகுப்பு வரும் வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு.